நல்லது மூன்று, காரணம் மூன்று

நம்பிக்கையோடு நாளைப் பார்க்கப் பழக, இரவில் பத்து நிமிடமும் ஒரு நோட்டும் போதும். அன்று நன்றாக நடந்த மூன்று விஷயங்களையும், ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்பதையும் எழுதுங்கள். அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழுவின் 2005 ஆய்வில், ஒரு வாரம் இதைச் செய்தவர்களிடம் ஆறு மாதம் கழித்தும் மகிழ்ச்சி கூடியிருந்தது.

பலரும் காரணத்தை விட்டுவிடுகிறார்கள். உயிரே அதில்தான் இருக்கிறது. "பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது" என்று நிறுத்தினால் அது வெறும் அதிர்ஷ்டம். "கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்பினேன்" என்று சேர்த்தால், நாளையும் செய்யக்கூடிய ஒன்று கையில் இருக்கிறது.

"குடும்பம், ஆரோக்கியம்" என்று தினமும் ஒரே பட்டியல் வந்தால் மனம் மரத்துவிடும். அன்றைக்கே நடந்த சின்ன விஷயமாகத் தேடுங்கள். துக்கமான நாளில் ஒன்றே போதும், வலிந்து எழுத வேண்டாம். மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். அதற்கு இந்த நோட்டு மருந்தாகாது.