ஒன்பதாவது பைட்

அந்தக் கேள்வியை, என் கோடை ரிவ்யூ செய்த சக பொறியாளர் குரலை உயர்த்தாமல்தான் கேட்டார்: "நீளம் தவறு என்று தெரிந்த பிறகும் பேக்கெட்டை ஏற்றுக்கொள்வதென்றால், எதற்காகச் சரிபார்க்கிறோம், சார்?" நினைவகத்துக்கு ஆபத்தில்லை என்றேன். அது உண்மைதான், ஆனால் அவர் கேட்டதற்கு அது பதிலல்ல என்பது சொல்லும்போதே எனக்குத் தெரிந்திருந்தது.

கருவிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் நெறிமுறையான டிஎச்சிபியின் பேக்கெட்டில் (ஒருமுறை அனுப்பப்படும் தரவுத் தொகுப்பில்) முதல் 240 பைட்டுகளுக்குப் பின் ஆப்ஷன்கள் வரிசையாக வரும்: ஒரு பைட் வகை, ஒரு பைட் நீளம், பிறகு அத்தனை பைட் தரவு. எங்கள் பழைய கோட் அந்த நீளத்தை அப்படியே நம்பி, பேக்கெட் எங்கே முடிகிறது என்று பாராமல் தாவிக்கொண்டிருந்தது. வகையையும் நீளத்தையும் படிக்க இரண்டு பைட்டாவது மீதமிருக்கிறதா, சொல்லப்பட்ட நீளம் மீதத்துக்குள் அடங்குகிறதா என்று இரண்டு சோதனைகளைச் சேர்த்தேன். நினைவக இடத்தைச் சுட்டும் பாயிண்டரோடு நீளத்தைக் கூட்டினால் அந்தக் கூட்டலே எல்லை மீறக்கூடும் என்பதால், மீதத்தைக் கழித்துக் கண்டே ஒப்பிட்டேன். அடங்காவிட்டால் முழு பேக்கெட்டையும் கைவிடச் செய்தேன்.

வெளியிட்ட இரண்டாம் வாரம், ஒரு வாடிக்கையாளரிடம் பழைய கருவிகள் சில ஐபி முகவரி பெறாமல் நின்றன. பிடித்துப் பார்த்த பேக்கெட்டின் கடைசியில் 12 (கருவிப் பெயருக்கான வகை), 9 (நீளம்) என்ற இரண்டு பைட்டுகளும், அவற்றின் பின் எட்டே எழுத்துள்ள கருவிப் பெயரும் இருந்தன. சரத்தின் முடிவில் வரும் சுழியத்தை நீளத்தில் எண்ணிவிட்டு அனுப்பாமல் விட்டிருந்தார்கள், இறுதியைக் குறிக்கும் 255-உம் இல்லை. இத்தனை ஆண்டுகளும் முந்தைய பேக்கெட் பஃபரில் (பேக்கெட்டைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகத்தில்) விட்டுச்சென்ற ஏதோ ஒரு பைட்டை ஒன்பதாவது எழுத்தாக நாங்கள் படித்துவந்திருக்கிறோம். "நேற்றுவரை ஓடியது, இன்று ஓடவில்லை; அவர்களுக்குத் தெரிவது அவ்வளவுதான்" என்றார் குழுத் தலைவர். அன்று மாலையே, கைவிடுவதற்குப் பதிலாக நீளத்தை மீதமுள்ள அளவுக்குக் குறைத்து ஏற்கும்படி மாற்றினேன்.

அதன் ரிவ்யூவில்தான் அந்தக் கேள்வி வந்தது. 2014-இல் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் பிழையை அந்தச் சக பொறியாளர் நினைவூட்டினார்: எதிர்முனை சொன்ன நீளத்தை நம்பி, குறியாக்க நிரலகமான ஓப்பன்எஸ்எஸ்எல் ஒவ்வொரு முறையும் 64 கிலோபைட் வரை தன் நினைவகத்தைத் திருப்பி அனுப்பியது, அதன் திருத்தம் நீளத்தைக் குறைக்கவில்லை, செய்தியையே சத்தமின்றிக் கைவிட்டது, அந்தச் செய்திக்கான தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 6520-உம் அப்படித்தான் விதித்திருந்தது. அங்கே கசிந்தவை ரகசியச் சாவிகள், இங்கே இருப்பது ஒரு கருவியின் பெயர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முகவரி கிடைக்காத கருவியின் முன் காத்திருப்பவருக்கும் நாம் பொறுப்பு என்று இன்றும் நம்புகிறேன்.

ஆனால் அன்றிரவு, கருவி கேட்கும் ஐபி முகவரியைத் தாங்கும் ஆப்ஷன் 50-ஐக் கையாளும் ஃபங்ஷனைத் திறந்து பார்த்தேன். அது நீளத்தையே பாராமல் நான்கு பைட்டுகளை நகலெடுத்தது. கடைசி ஆப்ஷனில் 50, 4 என்று எழுதி இரண்டு பைட் மட்டும் ஒருவர் அனுப்பினால், நான் அடைத்த ஓட்டை என் குறைப்பின் வழியாகவே மறுபடி திறக்கும். 50, 2 என்று நேர்மையாக எழுதி அனுப்பினாலும் அதே பிழை நேரும், ஆகவே குறைப்பை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆயினும் அதைத் தேடிப் போக அவருடைய கேள்விதான் வேண்டியிருந்தது.

ஒவ்வொரு ஃபங்ஷனிலும் நீளச் சோதனையைச் சேர்த்தேன். குறைக்கும் வரியை நீக்காமல், ஆப்ஷன் 12-க்கு மட்டும் என்று சுருக்கினேன். அவர் ஒப்புதல் அளித்தார். குறிப்பு எதுவும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.