மாதா கேட்டது சனிக்கிழமை

அம்மாவின் முதல் சனி நேர்த்தி இந்த ஜூன் மாதம் புதுச்சேரிப் பக்கத்து வில்லியனூர் லூர்து மாதா கோவிலில் நிறைவேறியது. ஐந்து மாதம் தொடர்ந்து முதல் சனிக்கிழமையில் பூசை கண்டு, நன்மை (நற்கருணை) வாங்கி, ஜெபமாலை சொல்லி, கால் மணி நேரம் தியானிக்கும் பக்தி அது. மாதாவுக்கு நன்றி, ஆயிரம் நன்றி. நேராக வில்லியனூரைப் பற்றி எழுதத்தான் ஆசை. ஆனால் எங்கள் பங்குக் கோவிலில் சனிக்கிழமை காலைப் பூசை நின்றுபோன கதையைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. அது நிற்காமல் இருந்திருந்தால் நாங்கள் கடலூரை விட்டே கிளம்பியிருக்க மாட்டோம்.

தம்பி மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்தவள். கண்ணாடிப் பெட்டிக்குள் குழாயும் ஒயருமாகக் கிடந்தாள். டாக்டர்கள் எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசாத நாட்கள் அவை. அம்மா ஆஸ்பத்திரி வராண்டாவில் தரையிலேயே உட்கார்ந்து, "புள்ளையக் குடுத்துடும்மா, அஞ்சு முதல் சனி அவளையும் கூட்டிட்டு வர்றேன்" என்று மாதாவிடம் சொல்லிவிட்டார். யாரையும் கேட்கவில்லை. புள்ளை பிழைத்து, வளர்ந்து, இப்போது எல்கேஜி போகிறாள். நேர்த்திதான் தள்ளிக்கொண்டே போனது. நடுவில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் பிளேட் வைத்தார்கள். அதற்குப் பிறகு தினமும் ஒரே பாட்டு: "மாதாகிட்ட கடன் வச்சிட்டு நான் கண்ண மூட மாட்டேன்."

சரி, இந்த ஆண்டு முடித்துவிடலாம் என்று பார்த்தால், பூசை இல்லை.

எங்கள் கோவிலில் சனிக்கிழமை காலைப் பூசைக்கு மாதா பூசை என்றுதான் பெயர். கூட்டம் என்று சொல்ல முடியாது. வயதான பெண்கள், மரியாயின் சேனை என்ற பக்த சபைக்காரர்கள், பரீட்சை சமயத்தில் மட்டும் வரும் ஒன்றிரண்டு பிள்ளைகள். வீட்டில் பூத்த செம்பருத்தியும் அரளியும்தான் பீடத்துக்கு. பூசை முடிந்ததும் மாதா பிரார்த்தனையை ராகம் போட்டு இழுத்துப் பாடிவிட்டு, நேரே மார்க்கெட்டுக்குப் போவார்கள். முதலில் அது முதல் சனிக்கு மட்டும் என்று ஆனது. அப்புறம் அறிவிப்புப் பலகையில் அந்த வரியையே காணோம். நிறுத்தப் போகிறோம் என்று பிரசங்கத்தில்கூட யாரும் சொல்லவில்லை. போய் நின்று, பூட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

ஃபாதரிடம் போனேன். நல்ல மனிதர், உட்கார வைத்து விளக்கினார். ஒரு குரு ஒரு நாளைக்கு ஒரு பூசைதான் வைக்கலாம், காரணம் இருந்தால் இரண்டு. ஞாயிறும், கட்டாயம் பூசை காண வேண்டிய கடன் திருநாளும் என்றால் அவசியத்துக்கு மூன்று. இதுதான் திருச்சபைச் சட்டம். சனிக்கிழமை சாயங்காலம் கிளைக் கோவிலில் ஒன்று, இங்கே ஒன்று. இரண்டுமே ஞாயிறு பூசையாகக் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகிறவர்களுக்கு அதை விட்டால் வழியில்லை. காலையிலும் வைத்தால் மூன்றாகிவிடும். அதோடு பள்ளிக்கூடப் பொறுப்பு, அடக்கம், நோயாளிகளுக்கு நற்கருணை. உதவிக் குரு கிடையாது. "நான் ஒரே ஆள்மா" என்றார். அதற்கு மேல் என்ன கேட்பது?

1953-ல் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் பரவலாக அனுமதிக்கும் வரை சாயங்காலப் பூசை என்பதே அபூர்வம். சனி சாயங்காலப் பூசையே ஞாயிறு கடனுக்குப் போதும் என்ற ஏற்பாடு 1967-ல் பொதுவாக வந்து, 1983 சட்டத் தொகுப்பில் நிலைத்தது. நல்ல ஏற்பாடுதான், என் தம்பியே அதை நம்பித்தான் இருக்கிறான். ஆனால் சாயங்காலம் வந்து உட்கார்ந்த இடம் காலைக்கு இருந்த இடம் என்பதை யாரும் யோசிக்கவில்லை. பிரான்சில் இருக்கும் என் சித்தி மகளிடம் புலம்பினேன். "உங்க ஊர்ல இப்பதானா?" என்று சிரித்தாள். அவள் இருக்கும் பக்கம் சுற்றியிருக்கும் அத்தனை கிராமத்துக் கோவில்களுக்கும் சேர்த்து ஒரே சாமியார். சனிக்கிழமை என்றாலே அங்கே சாயங்காலம்தான்.

கிளம்பும்போது ஃபாதர் இன்னொன்றும் சொன்னார். சனிக்கிழமை முடியாதவர்களுக்கு அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமையே போதும், நியாயமான காரணம் இருந்து குருக்கள் அனுமதித்தால் அதுவும் ஏற்புடையதே என்று ஆண்டவர் இயேசுவே 1930-ல், பாத்திமாவில் மாதாவின் காட்சி கண்ட லூசியா சகோதரியிடம் சொல்லியிருக்கிறார். "நான் அனுமதி தர்றேன், அம்மாவ ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாங்க."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா தலையைத் தூக்கக்கூட இல்லை, கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்: "மாதா கேட்டது சனிக்கிழமை. எனக்கு என்ன நியாயமான காரணம் இருக்கு? நான் என்ன ஆபீஸ் போறேனா?"

அவ்வளவுதான், பூசை தேடிப் புறப்பட்டாயிற்று.

பக்கத்துப் பங்கில் ஒரு மாதம் கிடைத்தது. அடுத்த மாதம் அங்கேயும் இல்லை, ஃபாதர் தியானத்துக்குப் போயிருந்தார். புதுச்சேரியில் தெருவுக்குத் தெரு கோவில் இருக்கிறது, அங்கே இல்லாமலா போகும் என்று விடியலில் பஸ் ஏறினோம். அம்மா வாக்கருடன், நான் புள்ளையுடன். அந்த நேரத்துப் பஸ்ஸில் பாதிப் பேர் புதுச்சேரி எல்லை முள்ளோடையில் இறங்கிவிட்டார்கள், எதற்கு என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மதுக்கடைக்குத்தான். அவர்கள் நேர்த்தி அவர்களுக்கு! சுண்ணாம்பாறு தாண்டும்போது அம்மா ஜெபமாலையின் கடைசிப் பத்து மணிகளில் இருந்தார்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "ஆரோவில், பீச், போட் ஹவுஸ், எல்லாம் சுத்திக் காட்டறேன்." வாக்கரோடு நிற்கிற கிழவியிடம் போட் ஹவுஸ்! கோவிலுக்கு என்றதும் கட்டணம் இரட்டிப்பானது. சனி ஞாயிறு சீசனாம். சரி என்று ஏறிப் போய் இறங்கினால் கோவில் கேட்டில் பூட்டு. பலகையில் காலைப் பூசை என்று எழுதித்தான் இருக்கிறது. வாசல் பெருக்குகிறவர், "அது பழைய போர்டு, இப்ப சாயந்திரம்தான்" என்றார். வேறொரு கோவில் திறந்திருந்தது, ஆனால் உள்ளே பூசைக்குப் பதிலாகக் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெண் கவுனைப் பிடித்துக்கொண்டு பீடத்துப் படியில் சாய்ந்து நிற்கிறாள், ஒருத்தன் விளக்குப் பிடிக்கிறான். அம்மா முழங்கால் போட முடியாததால் நின்றபடியே சிலுவை போட்டுவிட்டு, "வா, இங்க மாதாவுக்கே எடம் இல்ல" என்று திரும்பிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெயில் ஏறுகிறது, புள்ளைக்குப் பசி, அம்மா முந்தின நாள் இரவிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. நன்மை வாங்க ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் போதும் என்று எத்தனை தடவை சொன்னாலும், அவருக்கு ஒத்தச்சந்தி (உபவாசம்) என்றால் ஒத்தச்சந்திதான்.

அந்த நேரத்தில்தான் சைக்கிளில் போன ஒரு சிஸ்டர் நின்றார். மடத்துச் சிற்றாலயத்தில் இன்னும் கால் மணி நேரத்தில் பூசை, வயதான சாமியார் ஒருவர் வந்து வைப்பார், வாருங்கள் என்றார். சைக்கிளை உருட்டிக்கொண்டு அம்மாவின் நடைக்குச் சரியாகக் கூடவே நடந்து வந்தார். எண்ணிக்கொள்ளும்படி கன்னியர்கள், நாங்கள், தும்மிக்கொண்டே பூசை வைத்த ஒரு சாமியார். அந்தச் சிஸ்டர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. மாதா அனுப்பினாள் என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள், சிரித்துக்கொள்ளட்டும்.

ஏப்ரலில் முதல் சனி, ஈஸ்டருக்கு முந்தின நாளான பெரிய சனியாகவே வந்துவிட்டது. அன்று உலகத்தில் எந்தக் கோவிலிலும் காலைப் பூசை கிடையாது. பாஸ்கா பூசை ராத்திரியில் தொடங்கி, நாங்கள் நன்மை வாங்கும்போது மணி பன்னிரண்டைத் தாண்டி ஞாயிறு பிறந்திருந்தது. இது செல்லுமா என்று நான் கவலைப்பட்டேன். அம்மா மட்டும் அன்றைக்கு ஃபாதர் தந்த அனுமதியை ஏற்றுக்கொண்டார். "அன்னிக்கு அவளே மகனக் கல்லறையில வச்சிட்டு உக்காந்திருந்தா. அவளுக்கே பூசை இல்லாத நாள்ல நாம கேக்கலாமா?" சனிக்கிழமையை மாதாவுக்கு என்று ஏன் வைத்தார்கள் என்பதற்கு கோவிலில் மறைக்கல்வி சொல்லிக் கொடுக்கும் எங்கள் உபதேசியார் சொன்ன காரணமும் இதுதான். சீடர்கள் எல்லாம் சிதறிப்போன அந்த ஒரு சனிக்கிழமை விசுவாசத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது அவள் ஒருத்தி. ஆயிரத்து இருநூறு வருஷமாக அதற்காகச் சனிக்கிழமை மாதா பூசை வைத்து வருகிறார்கள். எங்கள் பங்கிலோ இப்போது எல்லாச் சனிக்கிழமைக் காலையும் பெரிய சனிதான். கோபத்தில்தான் எழுதுகிறேன், இருக்கட்டும்.

மே மாதம் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நல்லபடியாக நடந்தது. கடைசிச் சனிக்கு வில்லியனூர் மாதாவிடமே போய்விடுவது என்று அம்மா முடிவு செய்தார். பஸ் வேண்டாம் என்று தம்பி கார் பிடித்துக் கொடுத்தான். பாகூர் வழியாகப் போனோம். ஏரிப் பக்கம் நாரைகளைப் பார்த்துப் புள்ளை போட்ட சத்தத்தில் என் ஜெபமாலை எண்ணிக்கை தவறியது. அம்மாவுக்குத் தவறவில்லை.

வாசலில் இறங்கியதும், "செருப்ப இங்க விடுக்கா, மெழுவத்தி வாங்கு" என்று நாலு பக்கமும் கை இழுக்கிறது. ஒரு பெண் நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல மாலையை அம்மா கழுத்திலேயே போட்டுவிட்டாள்! வெளியூரிலிருந்து இரண்டு பஸ்ஸில் கூட்டம் வந்து இறங்கியிருந்தது. பூசை தொடங்கிய பிறகும் பின்னால் பேச்சு, செல்போன், பீடத்துக்கு முன்னால் போய் செல்ஃபி. திருத்தலங்களில் காலைப் பூசைக்குக் குறை இல்லை, அமைதிக்குத்தான் குறை. அம்மாவுக்குத் தூண் ஓரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது. ஃபாதரே அங்கே வந்து நன்மை கொடுத்தார். அவர் வருவதைப் பார்த்ததும் அம்மா வாக்கரை ஊன்றி எழுந்து நின்றுவிட்டார். உட்காரச் சொல்லி நான் இழுத்த கையைத் தட்டிவிட்டார்.

பூசை முடிந்து கூட்டம் குளத்துப் பக்கம் போனது. லூர்து தண்ணீர் கலந்த குளம், யாருக்குத்தான் கால் நனைக்க ஆசை இருக்காது? நாங்கள் மூன்று பேரும் மாதாவுக்கு முன்னால் தனியாக இருந்தோம். 1858-ல் லூர்தில் காட்சி கொடுத்தவள், 1877-லேயே கப்பலேறி இந்த ஊருக்கு வந்துவிட்டாள். அம்மா என்ன ஜெபிப்பார் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வீட்டில் ஒரு தாளில் எழுதி, மடித்து, பர்ஸுக்குள் வைத்திருந்தார். அதை எடுக்கவே இல்லை. புள்ளையின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளி நிறுத்தி, "பாத்துக்கடி. இதுதான் அந்தப் புள்ள" என்றார்.

அவ்வளவுதான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மாதாவை "டி" போட்டு அம்மா பேசி நான் கேட்டதே இல்லை. புள்ளை நிமிர்ந்து பார்த்து, "ஆயா, அவங்களுக்கு என்னைத் தெரியுமா?" என்றாள். "நீ பெட்டிக்குள்ள கெடந்தப்ப பக்கத்துல நின்னது அவதான்" என்றார் அம்மா. பிறகு தியானத்துக்கான கால் மணி நேரம் கண் மூடி உட்கார்ந்துவிட்டார். கால் மணி அரை மணி ஆனது. கோவில்பிள்ளை, அதாவது கோவில் பணியாளர், மின்விசிறியை எல்லாம் நிறுத்திவிட்டு, விளக்குமாறோடு தள்ளி நின்று காத்திருந்தார், எழுப்பவில்லை. அவருக்கும் நன்றி. மாலையைக் கழுத்தில் போட்ட பெண்ணுக்கும் நன்றி, அந்த மாலைதான் கடைசியில் மாதாவுக்குப் போனது. சைக்கிள் சிஸ்டருக்கு, தும்மிய சாமியாருக்கு, நாரைக்காகக் காரை நிறுத்திய டிரைவருக்கு, ஒரே ஆளாக எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு ஓடும் எங்கள் ஃபாதருக்கும் நன்றி. அவர் மேல் எனக்கு வருத்தம் உண்டு, அதுவும் தீரட்டும் என்று அங்கேயே கேட்டுக்கொண்டேன்.

ஊர் திரும்பிய மறுநாளே அம்மா அன்பியக் கூட்டத்தில் (பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேரும் ஜெபக் குழு) பேச்சை எடுத்துவிட்டார். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமைக் காலையாவது பூசை வேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஓய்வில் இருக்கும் சாமியார் யாரையாவது அழைத்தால் இரண்டு பூசைச் சிக்கலே வராது என்பது அம்மாவின் யோசனை. ஃபாதர் பார்க்கலாம் என்றிருக்கிறார். அது முடிவாகும் வரை, ஜூலை முதல் சனிக்கு வில்லியனூருக்கு ஒரு வேன் பேசியிருக்கிறோம். விடியற்காலை கோவில் வாசலிலிருந்து கிளம்பும். வயதானவர்களுக்கு முன் சீட். இன்னும் இரண்டு மூன்று பேருக்கு இடம் இருக்கிறது, வருகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.

மரியே வாழ்க!