அம்மாவின் பிளா

வைகாசி 6
அம்மாவுக்கு மூன்றாவது கீமோ முடிந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சேர்ந்தோம். நிறை 46 கிலோ. பங்குனியில் 51 இருந்தவர். ஒரு கிலோ நிறைக்கு 1 கிராம் புரதமாவது வேண்டுமாம், இயலுமென்றால் 1.5 வரை. அம்மாவுக்கு 46 முதல் 69 கிராம். ஒரு முட்டையில் 6 தான். முட்டை, மீன், பருப்பு, தயிர் என்று கூட்டிப் பார்த்தேன். தாளில் சரியாகத்தான் வருகிறது, சாப்பிடத்தான் ஆளில்லை.

வைகாசி 8
“வாயெல்லாம் இரும்பைச் சப்பினமாதிரிக் கிடக்கு பிள்ளை.” மருந்து ருசியை இப்படித் திருப்பிவிடும். சில்வர் கரண்டியை ஒளித்துவிட்டு பிளாஸ்டிக் கரண்டி கொடுத்தேன். மீன் பொரிக்கிற மணமும் ஆகாது. குசினிக் கதவைச் சாத்திச் சமைத்து, ஆறவிட்டுத்தான் கொண்டுபோகிறேன், ஆறினால் மணம் குறைவு. மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாக்கியாயிற்று. ஒரு இடியப்பமும் சொதியும் உள்ளே போனால் அன்றைக்குத் திருவிழா.

வைகாசி 11
மாமி வந்தா. “முட்டை, மீன் குடுக்காதை, புண் ஆறாது. சீனியைக் கண்ணிலும் காட்டாதை, கட்டி வளரும்.” பையில் முள்ளுச்சீத்தா இலை வேறு. எல்லாம் பாசம்தான், ஆனால் இந்தப் பாசத்தில் அம்மா இன்னும் இரண்டு கிலோ இறங்கிவிடுவா. உடம்பின் எல்லாக் கலமும்தான் சீனியை எரிக்கிறது. பட்டினி போட்டால் கட்டிக்கு முதல் மெலிவது ஆள். இலைக்கு மனிதரில் குணப்படுத்திய நிரூபணம் இல்லை, மருந்தோடு என்ன செய்யுமோ என்ற பயமும் உண்டு. பை அலுமாரிக்கு மேலே போனது. மாமியிடம் சொல்லவில்லை.

வைகாசி 15
வாய்ப்புண். இரத்தத்தில் வெள்ளணுவும் இறங்கியிருக்கிறது, கிருமி இலேசாகத் தொற்றிவிடும். பச்சையாக எதுவும் இல்லை, சம்பலும் இல்லை. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை நன்றாகக் கழுவி, நானே தோல் சீவிக் கொடுத்தேன், அதுவும் எரிந்தது. ஒரு கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவும் அதில் பாதி உப்பும் கலந்து அடிக்கடி கொப்புளிக்கிறா. காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால் இராவென்றாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தேர்மோமீட்டர் தலையணைக்குக் கீழே. எனக்குத்தான் நித்திரை இல்லை.

வைகாசி 21
புண் ஆறிவருகிறது. விடிய எழும்பியதும், “கூழ் குடிச்சால் என்ன?” என்றா.

கூழா! மிளகாயும் புளியும் இல்லாமல் கூழ் காய்ச்சியதாக எங்கள் ஊரில் யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். ஒடியல் மாவை, காய்ந்த பனங்கிழங்கு மாவைத்தான், ஊறவிட்டுக் கயர்ப்பை வடித்தேன். முள்ளில்லாத மீன் துண்டும் இறாலும் பயத்தங்காயும் பலாக்கொட்டையும் குழையக் கொதித்தன. மிளகாய் இல்லை. புளி, பேருக்கு ஒரு துளி.

எவர்சில்வர் கோப்பையை நீட்டப்போய்த்தான் இரும்பு வாய் ஞாபகம் வந்தது. தம்பி வளவுக்குள் ஓடிக் குருத்தோலை வெட்டிவந்தான். கழுவி, கொதிநீர் ஊற்றி, கோணல்மாணலாய் ஒரு பிளா மடித்தேன், கூழ் குடிக்கிற ஓலைக் கோப்பை.

அம்மா அதை இரண்டு கையாலும் ஏந்தி ஊதி ஊதிக் குடித்தா. இரண்டாவது தரமும் நீட்டினா. பிறகு பிளாவின் அடியைப் பார்த்துவிட்டுச் சொன்னா:

“உப்புப் புளி ஒண்டும் காணாது. உனக்கு ஆர் கூழ் காய்ச்சப் பழக்கினது?”