இரண்டு பிரதி இருந்தும் வெளிறிய கண்

பழ ஈயின் கண் சிவப்பாக இருக்க ஒயிட் என்ற மரபணு வேலை செய்ய வேண்டும். அது பழுதாகிக் கண் வெளுத்த ஈக்குள் மினி-ஒயிட் என்ற அதன் சுருக்க வடிவத்தைப் புகுத்தினால் நிறம் திரும்பும். ஒரு பிரதி இருந்தால் மஞ்சளோ ஆரஞ்சோ, இரண்டு இருந்தால் இன்னும் அடர்த்தி. கார்பன் டை ஆக்சைடில் மயங்கிக் கிடக்கும் ஈக்களை மைக்ரோஸ்கோப்பின் கீழே தூரிகையால் ஒதுக்கும்போது இந்தக் கணக்கை நம்பித்தான் பிரிப்போம்.

மினி-ஒயிட்டுக்குப் பக்கத்தில் பிஆர்இ என்ற டிஎன்ஏ துண்டு இருந்தால், பல நேரம் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். இரண்டு பிரதி உள்ள ஈக்குத்தான் கண் அதிகம் வெளிறியிருக்கும். ஈக்களில் ஜோடிக் குரோமோசோம்கள் ஒட்டியே இருப்பதால், இரண்டு பிஆர்இ-யும் சேர்ந்து மரபணுவை இன்னும் பலமாக அடக்குகின்றன. மரபணு அடங்குவதை இவ்வளவு நேராகக் காட்டும் சோதனை வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பிஆர்இ என்பது பாலிகோம்ப் ரெஸ்பான்ஸ் எலிமென்ட். சில நூறு எழுத்து நீளம்தான், எந்தப் புரதத்துக்கும் அது குறியீடு இல்லை. ஃபோ போன்ற புரதங்கள் அதன் மேல் உட்கார்ந்து, மரபணுக்களை அடக்கும் பாலிகோம்ப் புரதக் கூட்டத்தை வரவழைக்கும். டிஎன்ஏ சுற்றிக்கொண்டிருக்கும் புரதங்களுக்கு ஹிஸ்டோன் என்று பெயர். பாலிகோம்ப் கூட்டத்தில் பிஆர்சி2 என்ற குழு, ஹிஸ்டோன் எச்3-இன் 27-ஆம் இடத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தில் மெத்தில் என்ற சிறு வேதிக்குழுக்கள் மூன்றை ஒட்டும். அடக்கப்பட்ட மரபணுவுக்கு அதுதான் அடையாளம். ஆண் ஈக்கு முன்னங்கால்களில் மட்டும் சீப்பு போன்ற முள்வரிசை உண்டு. பாலிகோம்ப் கெட்டால் மற்ற கால்களிலும் அது முளைக்கும். உடலின் எந்தப் பகுதி எதுவாக வளர வேண்டும் என்று தீர்மானிப்பவை ஹாக்ஸ் மரபணுக்கள். அடங்கியிருக்க வேண்டிய இடத்தில் அவை விழித்துக்கொள்வதுதான் காரணம்.

அப்புறம் பெரிய கேள்வி. செல் பிரியும்போது பழைய ஹிஸ்டோன்கள் இரு மகள் செல்களுக்கும் பங்காகப் போகின்றன. அடக்கத்தை நீடிக்க அந்த மெத்தில் அடையாளம் மட்டும் போதுமா? 2017-இல் சயன்ஸ் இதழில் இரண்டு குழுக்கள் இதற்குப் பதில் தந்தன: நியூயார்க்கில் கோல்மனும் ஸ்ட்ரூலும், ஜெர்மனியில் யூர்க் முல்லரின் குழுவும். வளரும் ஈ லார்வாவின் செல்களிலிருந்து பிஆர்இ-யை மட்டும் வெட்டி எடுத்தார்கள். அடக்கம் உடனே உடையவில்லை. ஒவ்வொரு பிரிவிலும் மெத்தில் அடையாளம் நீர்த்துக்கொண்டே போய், சில தலைமுறைச் செல்களுக்குப் பிறகு மரபணு விழித்தது. அடையாளம் நினைவைக் கொஞ்ச தூரம் சுமக்கும். அதைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்க அந்தத் துண்டு அங்கேயே இருந்தாக வேண்டும்.

மரபணு அடங்கியிருக்கும் நிலை இப்படிச் செல் தலைமுறைகளுக்குக் கடத்தப்படுவது எபிஜெனெடிக்ஸைச் சேர்ந்தது. எபிஜெனெடிக்ஸ் என்றாலே டிஎன்ஏ வரிசைக்குச் சம்பந்தமில்லாத ஒன்று என்று பேசுகிறார்களே, அவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தச் சோதனையைத்தான். பாலூட்டிகளில் இவ்வளவு தெளிவான பிஆர்இ-களைக் காண்பது அரிது. அங்கே பிஆர்சி2 பெரும்பாலும், டிஎன்ஏ-வில் சி, ஜி எழுத்துகள் அடர்ந்திருக்கும் சிபிஜி தீவுகளில் போய்ச் சேர்கிறது. இந்தக் கேள்விக்கு ஈயை விட்டு நகர எனக்கு மனமில்லாததும் அதனால்தான்.