முதல் வருடம் துவக்கு பெட்டிக்குள்தான்

"நீங்கள் போறது வேட்டைக்கு. நானும் பிள்ளையளும் என்னத்துக்கு வாறது?"

ரொறன்ரோவில், ஸ்காபரோவில் எங்கள் குசினி மேசையில் இருந்தபடி மனைவி கேட்ட கேள்வி. அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போது கனடாவின் வடமேற்கில், யூகோன் பிரதேசத்தின் தலைநகரான வைற்ஹோர்ஸில் எங்களுக்கு மூன்றாவது இலையுதிர்காலம். குடும்பத்தோடு யூகோனுக்கு வரலாமா, வேட்டைக்கு நல்ல இடமா என்று நண்பர்கள் இரண்டு பேர் விடாமல் கேட்கிறார்கள். போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

வேட்டை எனக்குப் புதிதில்லை. வன்னியில் அப்பப்பாவிடம் ஒரு இடியன் துவக்கு, மருந்து இடித்து நிரப்பிச் சுடும் நாட்டுத் துப்பாக்கி, இருந்தது. மரை விழுந்த நாட்களில் முற்றத்துக் கொடியில் இறைச்சி கீலம் கீலமாகத் தொங்கும். கீழே புகை போட்டுக் காயவைத்து, வத்தலைத் தேன் போத்தலுக்குள் அடைத்து வைப்பார். ஒரு துண்டைக்கூட எறிய விடமாட்டார். பிறகு வந்த காலத்தில் துவக்கு என்ற சொல்லுக்கே வேறு பொருள் வந்துவிட்டது. அம்மா இன்றைக்கும் அந்தச் சொல் காதில் விழுந்தால் கதையை மாற்றிவிடுவார்.

அதனால் கனடாவில் நான் துப்பாக்கி லைசென்ஸ் எடுக்க நினைத்தபோது வீட்டில் அது சின்ன விஷயமாக இருக்கவில்லை. பாதுகாப்புப் பயிற்சி முடித்து விண்ணப்பம் நிரப்பினால், அதில் மனைவி கையெழுத்துப் போடவும் ஓர் இடம் இருக்கிறது. மூன்று மாதம் அவள் போடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. எங்கே வைப்பது, எப்படிப் பூட்டுவது, பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது என்று அந்த மூன்று மாதமும் ஒவ்வொன்றாகக் கதைத்தோம். கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்: "சாவி எங்க இருக்குது எண்டு எனக்கும் தெரியக்கூடாது." இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது.

நாங்கள் இருந்த ஒன்ராறியோ மாகாணத்தில் மூஸ் என்ற பெரிய மானைச் சுடுவதற்கு லைசென்ஸ் மட்டும் போதாது, டாக் என்ற அனுமதிச் சீட்டும் கிடைக்க வேண்டும். 2021இல் அதைப் புள்ளி முறைக்கு மாற்றினார்கள். வருடா வருடம் விண்ணப்பித்துப் புள்ளி சேர்க்க வேண்டும். ஆண் மூஸுக்கு, அதுவும் நல்ல பகுதி என்றால், காத்திருப்பு நீண்டுகொண்டே போகும். கிடைத்தாலும் வடக்கே பத்து மணித்தியால ஓட்டம். யூகோனிலோ, அங்கே குடியிருப்பவர் பெரும்பாலான பகுதிகளுக்கு லைசென்ஸையும், சுடும் மிருகத்துக்கு உரிய 'சீல்' முத்திரையையும் கையோடு வாங்கிக்கொள்ளலாம். ஆண் மூஸ் மட்டும், ஆகஸ்ட் முதல் அக்டோபர் முடியும் வரை. சில பகுதிகளில் மட்டும் சீட்டு இழுத்துத்தான் அனுமதி. இதைப் படித்த நாளில் இருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை.

நான் பாரவண்டி மெக்கானிக். வடக்கில் அந்த வேலைக்கு ஆள் தேவை. மனைவி முதியோர் பராமரிப்பு வேலை செய்பவள், அவளுக்கும் இடம் இருந்தது. கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம்: இரண்டு குளிர்காலம். அதற்குப் பிறகு அவள் வேண்டாம் என்றால் திரும்புவது, நான் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது.

ஜூன் மாதம் பிக்கப்பும் ட்ரெய்லருமாக 5,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடினோம். வழியில், யூகோனின் வாட்சன் லேக் என்ற ஊரில் ஒரு பெயர்ப்பலகைக் காடு இருக்கிறது. 1942இல் அலாஸ்கா நெடுஞ்சாலை போட வந்த கார்ல் லின்ட்லி என்ற அமெரிக்கச் சிப்பாய், ஊர் நினைப்பில் தன் ஊர்ப் பெயரையும் தூரத்தையும் எழுதி ஒரு பலகை நட்டாராம். அதைப் பார்த்து வந்தவர் போனவர் எல்லாம் நட்டு, இன்றைக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் பலகைதான். எங்கள் சின்னவன் "ஸ்காபரோ" என்று தமிழில் எழுதிய பலகையை ஒன்ராறியோவில் இருந்தே மடியில் வைத்துக்கொண்டு வந்தான். ஆணி அடித்த பிறகு நெடுநேரம் வண்டிக்குள் ஏறவில்லை. எனக்கு அந்த இடத்தில் நெஞ்சு கனத்தது. இந்தப் பிள்ளையை எங்கே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று முதல் தடவையாகப் பயந்தேன்.

நண்பர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது அடுத்தது. வந்து இறங்கியதும் வேட்டைக்குப் போக முடியாது. வேட்டைச் சட்டத்தில் உள்ளூர்வாசி ஆவதற்கு ஒரு வருடம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். அதுவரை நீங்கள் வெளியாள். பெரிய மிருகம் என்றால் பதிவு பெற்ற வழிகாட்டி நிறுவனத்தோடு போக வேண்டும், அதற்குப் பத்தாயிரக்கணக்கில் டொலர் வேண்டும். இல்லையென்றால் சிறப்பு வழிகாட்டி லைசென்ஸ் எடுத்த உள்ளூர்க்காரர் ஒருவர் கூட்டிப்போக வேண்டும். முதல் இலையுதிர்காலத்தில் தெருவில் போகிற பிக்கப்பில் எல்லாம் கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும், என் துவக்கு பெட்டிக்குள் இருக்கும்.

அந்த வருடம் வீண் என்று முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் முப்பது வருடமாக மூஸ் அடிப்பவர். என்னை இறைச்சி சுமக்க வரச்சொன்னார், போனேன். வரைபடத்தை விரித்து வைத்து எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று சொல்லித்தந்தார். யூகோனில் 14 முதற்குடி மக்கள் சமூகங்கள் உண்டு. அவற்றில் 11 அரசோடு நில ஒப்பந்தம் முடித்தவை. அவர்களின் 'ஏ' வகை நிலத்தில் அனுமதி கேட்காமல் வேட்டையாடக் கூடாது, 'பி' வகையில் ஆடலாம். சொந்த நிலத்தைப் பிறர் வந்து அளந்துகொண்டு போவதைப் பார்த்த ஊரில் பிறந்தவன் நான். அந்தக் கோடுகளைச் சும்மா கோடுகள் என்று என்னால் கடந்துபோக முடியவில்லை.

வேட்டைப் பயிற்சி வகுப்பையும் அப்போதுதான் முடித்தேன். மூத்தவளும் கூட வந்தாள். பரீட்சையில் என்னைவிட நாலு புள்ளி கூட எடுத்தாள்.

குளிர்காலம் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். டிசம்பர் கடைசியில் சூரியன் வருவதே காலை 11 மணிக்குப் பிறகு, ஐந்தரை மணித்தியாலத்தில் போய்விடும். மைனஸ் நாற்பது வந்தால், எஞ்சினைச் சூடாக்க இரவெல்லாம் வண்டியைக் கரண்டில் செருகி வைக்க வேண்டும். எனக்கும் பிள்ளைகளுக்கும் அது பழகிவிட்டது. மனைவிக்குப் பழகவில்லை. "கிணத்துக்குள்ள இருக்கிற மாதிரிக் கிடக்கு" என்பாள். வேலைக்குப் போவாள், சமைப்பாள், சிரிக்க மட்டும் மாட்டாள். வடக்கில் வசிப்பவர்கள் ஒரு நாளைக்கு 22 டொலர் வரை வருமானத்தில் கழிக்கலாம் என்று வரிக்கணக்கு எல்லாம் நான் சொல்லிப் பார்த்தேன். அது அவளுக்கு மருந்தாகுமா என்ன.

அப்புறம் இரண்டாவது செப்டம்பர் கடைசியில் என் கையில் லைசென்ஸ் இருந்தது. போன இடத்தைச் சொல்லவில்லை, அது பெரியவரின் இடம். படகில் ஒரு நாள் மேலே போய், ஆற்றங்கரையில் வில்லோப் பற்றைக்குள் இருந்தோம். பெரியவர் பழைய மூஸ் ஒன்றின் காய்ந்த தோள்பட்டை எலும்பை எடுத்துப் பற்றையில் உரசினார். ஆண் மூஸ் கொம்பை உரசும் சத்தம் அப்படியே வந்தது. இருபது நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு தூரத்தில், தொண்டைக்குள் விக்கல் எடுப்பது மாதிரி ஒரு சத்தம். நடை நடையாகக் கிட்ட வந்தது. முதலில் தெரிந்தது கொம்பின் வெள்ளை, பிறகு மூச்சுப் புகை. ஒரே வெடி. அது நாலு எட்டு வைத்துவிட்டு, முழங்கால் மடிந்து இருந்தது.

கிட்டப் போனபோது அதன் கண்மடலில் வில்லோ இலைத் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. அதை விரலால் எடுத்துவிட்டேன். ஏன் என்று தெரியாது. எனக்கு அழுகை வந்தது, பெரியவர் ஆற்றைப் பார்த்தபடி நின்றார்.

நெற்றி விளக்கு வெளிச்சத்தில் இரவு இரண்டு மணி வரை வேலை. ஒரு பின்தொடையே ஒரு ஆளின் பாரம். கழுத்து, விலா எல்லாம் துணிப்பைக்குள் போட்டுக் கட்டித் தூக்கினோம். உண்ணக்கூடிய இறைச்சியை விட்டுவிட்டு வருவது இங்கே குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அப்பப்பாவின் பேரன் விட்டுவிட்டு வரமாட்டான்.

வீட்டுக்கு வந்ததும் மாமி போனில் முதலில் கேட்டது: "அது மாடோ?" இல்லை மாமி, மான் குடும்பம், எங்கட மரையைப் போல, அதைவிடப் பெரிசு என்றேன். "சரி, அப்ப சாப்பிடலாம்" என்று உத்தரவு கிடைத்தது. ஈரலை வறுக்க எடுத்தபோதுதான் ஒரு தடை. மூஸின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் கட்மியம் என்ற நச்சு உலோகம் சேர்கிறது, அளவாகத்தான் சாப்பிட வேண்டும் என்று இங்குள்ள சுகாதாரத் துறை சொல்கிறது. ஈரல் வறையைப் பகிர்ந்து ஆளுக்கு இரண்டு துண்டோடு நிறுத்தினோம். கீழ்த்தாடை முன்பற்களை வனவிலங்கு அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும், வயது பார்ப்பதற்கு. சின்னவன்தான் உறைக்குள் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

மனைவி விலா எலும்பை மல்லியும் மிளகும் வறுத்து அரைத்த தூளில், தேங்காய்ப் பால் விட்டுக் காய்ச்சினாள். அவள் வேலை செய்யும் இடத்தில் ஒரு முதிய அம்மா இருக்கிறார், மூஸ் தின்று வளர்ந்தவர். தன் பங்கில் ஒரு பொதியை அவருடைய மகளிடம் கொடுத்துவிட்டாள். விற்கத்தான் கூடாது, கொடுக்கலாம். மறுநாள் அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது சிரித்தாள்.

சித்திரையில் எங்கள் இரண்டு குளிர்காலக் கெடு முடிந்தது. நான் பேசாமல் இருந்தேன், அப்படித்தானே பேச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே சொன்னாள்: "இருப்பம். ஆனா டிசம்பர் என்னால ஏலாது."

டிசம்பரில் அவளும் பிள்ளைகளும் ஸ்காபரோவுக்குப் போகிறார்கள், ஐந்து கிழமை. டிக்கெட் போட்டாயிற்று. யூகோனுக்கு வெளியே கொண்டுபோக அனுமதிப் பத்திரம் எடுத்து, உறைந்த இறைச்சி ஒரு பெட்டி மாமிக்குப் போகிறது. வத்தல் போட்டது தனியாக ஒரு போத்தல், தேனுக்குள், அம்மாவுக்கு.