வளையலை மீட்டாரா?

நூலகத்திலிருந்து எடுத்து வந்த ‘கடல்புரத்தில்’ நாவலை உப்புத் தண்ணீரில் ஊறவிட்டு, அதற்கு முழு விலையையும் அபராதமாகக் கட்டியவள் நான். அப்போது பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். பாம்பன் பக்கத்தில் எங்கள் கரையில் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் பெண்கள் பாசி எடுக்கப் போவார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, உள்ளங்காலில் தகட்டைக் கட்டிக்கொண்டு, கண்ணாடி போட்டு மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் கிள்ளி இடுப்பு வலைப்பையில் சேர்ப்பார்கள். அம்மா கொண்டுவருவதைக் காயப்போடுவது என் வேலை. படகு வரும்வரை படிக்கலாமென்று கொண்டுபோன புத்தகத்தைத் தார்ப்பாயின்மேல் வைத்துவிட்டுப் படகை நோக்கி ஓடினேன். திரும்பி வருவதற்குள் யாரோ ஈரப் பாசியை அதன்மேலேயே கொட்டிவிட்டார்கள். வெயிலில் உலர்த்திய பிறகு தாள்கள் அப்பளம்போல் நொறுங்கின. ஓரங்களில் உப்புப் பூத்திருந்தது.

நூலகத்தில் யாரும் திட்டவில்லை. விலையை வாங்கிக்கொண்டு, பழுதான புத்தகத்தை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். பணத்தை முந்தானை முடிச்சிலிருந்து எண்ணிக் கொடுத்திருந்த அம்மா, “காசு குடுத்தாச்சுல்ல, இனி அது நம்ம புஸ்தகம்தான். என்னதான் எழுதியிருக்குன்னு வாசித்தா, கேப்போம்” என்றாள். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. அன்று இரவு தொடங்கிய அந்த வாசிப்பு, நான் வேலைக்கு வெளியூர் போகும்வரை நின்று நின்று நடந்தது. எளிய வாழ்வைப் பற்றியும், இறைநம்பிக்கையைப் பற்றியும், உழைக்கும் குடும்பங்களைப் பற்றியும் எழுதப்பட்ட புத்தகங்களை எப்படி எடைபோடுவது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த வாசிப்புதான்.

வண்ணநிலவனின் அந்த நாவல் 1977இல் வந்தது. மணப்பாட்டுக் கடற்கரையின் கத்தோலிக்கப் பரதவர்களின் கதை அது. லாஞ்சு என்னும் விசைப்படகு வைத்திருப்பவர்களுக்கும் வல்லம் என்னும் நாட்டுப்படகு வைத்திருப்பவர்களுக்கும் நடுவே கசப்பு முற்றிக்கொண்டிருக்கும் காலம். மகன் கேட்டும் தன் வல்லத்தை விற்க மனம் ஒப்பாத குரூஸ் மைக்கேலைப் பற்றிய பக்கங்களை வாசித்தபோது அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. விசைப்படகுகள் பெருகிய பிறகு கட்டுப்படியாகாமல் அப்பாவின் வத்தையை விற்ற நாளில், அதிலிருந்த பழைய நங்கூரக் கயிற்றை மட்டும் அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தவள் அவள். அந்தக் கயிறு இப்போதும் எங்கள் வீட்டுக் கொடியாக இருக்கிறது. அதில்தான் துணி காய்கிறது.

அடுத்து, எளிமையாக வாழ்வது எப்படி என்று நகரத்திலிருந்து எழுதப்பட்ட ஒரு புத்தகத்தை வாசித்துக் காட்டினேன். பெயர் வேண்டாம். வீட்டிலுள்ள பொருள்களைப் பாதியாகக் குறைத்தால் மனம் லேசாகும் என்று அதில் இருந்தது. அம்மா வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். “எதைக் குறைக்கச் சொல்றாக?” என்று கேட்டாள். அந்தப் புத்தகம் அத்தோடு முடிந்தது.

அப்துல் கலாமின் ‘அக்னிச் சிறகுகள்’ அப்படி முடியவில்லை. ஆங்கிலத்தில் 1999இல் வெளிவந்த அந்தத் தன்வரலாற்றின் முதல் அத்தியாயங்கள் எங்கள் ராமேசுவரம் தீவிலேயே நடப்பவை என்பதால், ஒவ்வொரு இடத்தையும் அம்மா தன் காலால் அளந்துகொண்டே கேட்டாள். இந்தப் புத்தகத்தைப் படிப்பவர்கள் பலரும் கலாமை ஏழைப் படகோட்டியின் மகன் என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் புத்தகம் அப்படிச் சொல்லவில்லை. பள்ளிவாசல் தெருவில் சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு கட்டிய பெரிய வீடு, ஒரு தென்னந்தோப்பு, உணவுக்கும் உடைக்கும் குறைவில்லாத குடும்பம், ஆடம்பரத்தை வேண்டாமென்று ஒதுக்கிய தந்தை என்றுதான் கலாம் எழுதுகிறார். இருப்பவர் ஒதுக்குவது எளிமை. எங்கள் வீட்டிலிருந்தது இல்லாமை. இந்த வேறுபாட்டை மறைக்காமல் எழுதியதால்தான் அந்தப் பக்கங்கள்மேல் எனக்கு மதிப்பு வந்தது. அம்மாவுக்கோ, கலாமின் தந்தை ஜைனுலாப்தீன் விடியற்காலைத் தொழுகையை முடித்துவிட்டு நான்கு மைல் தொலைவிலிருந்த தோப்புக்கு நடந்துபோய், ஒரு டஜன் தேங்காய்களைத் தோளில் சுமந்து வந்த பிறகே காலை உணவு உண்டார் என்பதும், அறுபது வயதைத் தாண்டியும் அது நிற்கவில்லை என்பதும் போதுமானவையாக இருந்தன. “அப்ப மனுசர்தான்” என்றாள்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் புளியங்கொட்டைக்குத் திடீரென்று கிராக்கி வந்ததும், சிறுவன் கலாம் அதைப் பொறுக்கிக் கடையில் விற்று ஒரு நாளைக்கு ஓர் அணா பார்த்ததும் அம்மாவுக்கு மிகவும் பிடித்த இடம். கிலோவுக்கு என்ன விலை என்று தெரியாமல் ஒரு பாசிகூட எடுக்காதவள் அவள். ஓர் அணாவுக்கு எத்தனை படி கொட்டை என்று என்னைக் குடைந்தெடுத்தாள். உழைப்பாளர் குடும்பத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வியர்வையை எழுதுகிறார்கள், கண்ணீரை எழுதுகிறார்கள், கூலியை மட்டும் எழுத மறந்துவிடுகிறார்கள் என்ற என் குறை அங்கிருந்து வந்ததுதான்.

மற்றொரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தன் தாய் ஆஷியம்மாள் நாள்தோறும் எத்தனை பேருக்குச் சோறு போட்டார் என்று நினைவில்லை, ஆனால் வீட்டார் அனைவரையும்விட வெளியார் அதிகம் என்று கலாம் எழுதுகிறார். “அத்தன பேருக்கும் ஒல வச்ச அந்தம்மா எப்பச் சாப்பிட்டுச்சாம்?” என்றாள் அம்மா. எளிய வாழ்வைப் போற்றும் புத்தகங்கள் பெரும்பாலும் மகன்களால் எழுதப்படுகின்றன. அடுப்படி அவற்றில் ஒரு பத்தியில் கடந்துபோகிறது. ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ அப்படிக் கடந்துபோவதில்லை. எழுதப்போகும் மக்களிடையே நேரில் சென்று பழகிவிட்டுப் பேனாவை எடுக்கும் வழக்கமுடைய அவர், தூத்துக்குடி உப்பளத்துப் பெண்களின் வேலையையும் வீட்டையும் ஒரே மூச்சில் எழுதினார். வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை பார்த்த என் சித்தி அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, காலை மடக்கிப் பாதத்து வெடிப்புகளைத் தடவியபடியே இருந்தாள்.

நம்பிக்கையைப் பற்றி எழுதுவதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அது சட்டென்று பிரசங்கமாகிவிடும். கலாமின் புத்தகத்தில் தொழுகை முடிந்து தந்தை வெளியே வரும்போது பல மதத்தாரும் கிண்ணங்களில் நீருடன் காத்திருக்கிறார்கள். அவர் விரல்நுனிகளை அதில் நனைத்துப் பிரார்த்தனை சொல்ல, நோயாளிகளுக்காக அந்த நீரை வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள். விளக்கவுரை அதிகமில்லை. புனித அருளானந்தர் உயிர்நீத்த ஓரியூரின் சிவப்பு மண்ணைப் பவுடர் டப்பாவில் வைத்திருக்கும் எங்கள் கத்தோலிக்க வீட்டிலும், எனக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளிவாசல் வாசலில்தான் தண்ணீர் ஓதி வாங்குவார்கள். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

கலாம் சென்னையில் பொறியியல் படிக்கச் சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தபோது, அக்கா ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைக்கிறார். தன் சொந்தச் சம்பாத்தியத்தில் அவற்றை மீட்பதாகத் தம்பி உறுதி எடுத்துக்கொள்கிறார். அந்த இடத்தில் அம்மா என்னை நிறுத்தினாள். எங்கள் வீட்டு நகை அடகுச்சீட்டு அப்போது சேசுவின் படத்துக்குப் பின்னால் இருந்தது. என் கல்லூரிக் கட்டணம் அது.

“வளையலை மீட்டாரா?”

“மீட்பேன்னு உறுதி எடுத்துக்கிட்டாராம்மா.”

“அது சரித்தா. வட்டி எம்புட்டு ஏறியிருந்துச்சுன்னு போட்டிருக்கா?”