‘பேசியிருப்பேன்’ என்பதை ஸ்பானியத்தில் எழுதப் பழகியது

வெள்ளவத்தையில் மாலை வேளைகளில் நான் ஸ்பானிய மொழி படித்தபோது, என் பயிற்சிக் கொப்பியில் சிவப்பு மை அதிகம் விழுந்தது, ‘பேசியிருப்பேன்’ போன்றவற்றைச் சொல்லும் நிபந்தனை நிறைவுக் காலத்தில்தான். விதி சிறியது. ‘அபேர்’ என்னும் துணைவினையை நிபந்தனை வடிவில் முதலில் எழுதி, அதன்பின் முதன்மை வினையின் எச்சத்தை வைக்க வேண்டும். துணைவினை, நான், நீ, அவர், நாம், நீங்கள், அவர்கள் என்னும் இடத்துக்கேற்ப அப்ரீயா, அப்ரீயாஸ், அப்ரீயா, அப்ரீயாமோஸ், அப்ரீயாய்ஸ், அப்ரீயான் என மாறும். எச்சம், ‘ஆர்’ என முடியும் ஒழுங்கான வினைகளுக்கு ‘ஆதோ’ என்றும், ‘ஏர்’, ‘ஈர்’ என முடிபவற்றுக்கு ‘ஈதோ’ என்றும் அமையும். பேசுதலைக் குறிக்கும் ‘அப்லார்’ இவ்வாறு ‘அப்ரீயா அப்லாதோ’ ஆகிறது.

விதி மனப்பாடமான பின்னரும், பெண்ணைப் பற்றி எழுதினால் ‘அப்லாதா’ என்றும், பலரைப் பற்றி எழுதினால் ‘அப்லாதோஸ்’ என்றும் எச்சத்தை மாற்றிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் வரும்போது ‘பேசியிருப்பேன்’ என்ற சொல்லை மனத்துள் பிரித்துப் பார்த்தேன்: பேசி, இரு, ப்ப், ஏன். யார் பேசினாலும் ‘பேசி’ மாறுவதில்லை. ஆளைக் காட்டும் வேலை முழுவதும் ‘இரு’வின் பின்னால் நிகழ்கிறது. ஸ்பானியத்திலும் அதே பங்கீடுதான். வரிசை மட்டுமே தலைகீழ். அன்றோடு அந்தப் பிழை நின்றது.

ஆனால் அதே தமிழ்ச்சொல் என்னை வேறோரிடத்தில் வழிதவறச் செய்தது. ‘நேற்று அவர் வந்திருந்தால் பேசியிருப்பேன்’ என்றும் ‘நாளை இந்நேரம் பேசியிருப்பேன்’ என்றும் நாம் ஒரே வடிவத்தால் சொல்கிறோம். ஸ்பானியமோ முதலாவதற்கு ‘அப்ரீயா’வையும் இரண்டாவதற்கு அதே துணைவினையின் எதிர்கால வடிவமான ‘அப்ரே’யையும் கேட்கிறது. வாக்கியத்தில் நடக்காமற்போன ஒன்றைச் சுட்டும் ‘இருந்தால்’ வெளிப்படையாகவோ மறைந்தோ நிற்கிறதா என்று முதலில் தேடிப் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். தமிழர் எவருக்கும் நான் முதலில் சொல்லக்கூடியது இதுதான்.

மரியாதைப் பன்மையும் தொல்லை தந்தது. பெரியவர் ஒருவரை ‘நீங்கள்’ என்று நினைத்து ‘அப்ரீயான்’ எழுதினேன். ஒருவரை மரியாதையாக விளிக்கும் ‘உஸ்தெத்’ ஒருமை என்பதால் அங்கே ‘அப்ரீயா’ தான் வர வேண்டும். ‘அப்ரீயான்’ பலரை விளிக்கும் ‘உஸ்தேதெஸ்’ஸுக்கு உரியது. ‘அப்ரீயாய்ஸ்’ பெரும்பாலும் ஸ்பெயினில் மட்டுமே வழங்குவதால் அதை விரைவாகக் கடந்தேன்.

கடைசிப் பயிற்சியில், ‘அதை வாங்கியிருப்பேன்’ என்பதற்கு ‘லோ அப்ரீயா கொம்பிராதோ’ என எழுதினேன். ‘அதை’ என்னும் ‘லோ’ துணைவினைக்கு முன்னே சரியாக நின்றது. ஆறு வடிவங்களிலும் ‘ஈ’யின் மேல் இடவேண்டிய சாய்கோட்டை மட்டும் ஓரிடத்தில் விட்டிருந்தேன், ஆசிரியை அதைச் சிவப்பு மையால் இட்டுத் தந்தார்.